ஏணிக்கு ஒரு வட்டம்

நூற்றுத் தொண்ணூற்றேழு டாலர் நாற்பது சென்ட். என் மனைவி ஒரு கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியிருந்த கடன் அது. அந்தக் கம்பெனி எந்த ஊரில் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடை கிடையாது, கல்லா கிடையாது, போய் நின்று "கொஞ்சம் பொறுங்க" என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. லேப்டாப் திரையில் ஒரு சிவப்புக் கோடு, அதற்குக் கீழே அந்தத் தொகை. என் தோள் நன்றாக இருந்த காலத்துக் கணக்கில் அது இருபத்தேழு நாள் கூலி. தோள் நன்றாக இருந்த காலம் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"நான்தான் எதையோ கழட்டாம விட்டுருக்கேன்," என்றாள் அவள். "இதைக் கட்டற வரைக்கும் அக்கவுண்ட்டைத் திறக்க மாட்டாங்க. அக்கவுண்ட் இல்லாம பரீட்சைக்கு எப்படிப் போறது?"

லேப்டாப்பை மூடினாள். மூடிய பிறகும் கையை அதன் மேலேயே வைத்திருந்தாள்.

நான் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். கட்டினவன். பைப்பும் கிளாம்ப்பும் பலகையுமாக முப்பது வருடம். அவள் மருத்துவமனையில் சீட்டு எழுதும் மேசையில் பதினாறு வருடம். நோயாளிகளின் கோப்புகளையெல்லாம் அடித்தளத்து அறையில் இருக்கும் பழைய மெஷின்களிலிருந்து எடுத்து, கிளவுட் என்று சொல்கிறார்களே, அங்கே வைக்கப்போவதாகப் போன வருடம் அறிவித்தார்கள். அங்குள்ள கணினிப் பிரிவின் தலைவருக்கு மருத்துவமனை முழுக்க 'கண்ணாடி' என்றுதான் பேர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுவார். அவர்தான் சொன்னார்: வார்டு வேலையும் தெரிந்து நெட்வொர்க்கும் தெரிந்த ஒரு ஆள் வேண்டும், சம்பளம் இப்போது வாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு, விருப்பம் உள்ளவர்கள் கிளவுடை வாடகைக்கு விடும் கம்பெனியில் தாங்களே ஒரு அக்கவுண்ட் திறந்து, அதில் ஒரு நெட்வொர்க்கை அவர் கண்முன்னால் கட்டி, ஒவ்வொன்றும் எதற்கு என்று விளக்க வேண்டும்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. மறுபேச்சில்லாமல் பேர் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பாடம். எங்களுக்கு ஒரு அறையும் ஒரு அடுப்படியும். மேசை கிடையாது. இஸ்திரி போடும் பலகையை விரித்து அதன்மேல் லேப்டாப். இரண்டாம் கையாக வாங்கியது, ஒரு பட்டன் உதிர்ந்திருந்தது, அந்த இடத்தில் தீக்குச்சித் துண்டு ஒன்றை ஒட்டியிருந்தோம். அவள் ஆங்கிலத்தில் வாசித்து எனக்குத் தமிழில் சொல்லுவாள். நான் நோட்டில் எழுதுவேன். நாற்பத்தொன்றாவது வயதில் எழுத்துப் படித்தவன் நான். எழுதினால் எனக்குக் கை பழகும், சொன்னால் அவளுக்குப் பாடம் பதியும் என்று ஏற்பாடு.

"முதல்ல இடத்தை வளைச்சுப் போடணும்," என்றாள் முதல் நாள். "பத்து புள்ளி பூஜ்யம்னு ஆரம்பிக்கிற நம்பரெல்லாம் நம்மது. அறுபத்தஞ்சாயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு மெஷினுக்கும் அதுல ஒரு நம்பர்."

"அறுபத்தஞ்சாயிரமா? நம்ம கிட்ட இருக்கறது ஒரு ரூம்."

"இதுக்குக் காசு இல்லைங்க. சும்மா எடுத்துக்கலாம்."

"சும்மான்னா இன்னும் கொஞ்சம் சேர்த்து எடேன்."

அவள் சிரித்தாள். அப்புறம் அந்த இடத்தை இரண்டாகப் பிரித்தாள். சப்நெட் என்று பேர். வெளி அறை ஒன்று, உள் அறை ஒன்று. வெளி அறையில் இருக்கும் மெஷினை உலகமே வந்து பார்க்கலாம். உள் அறையில் இருக்கும் மெஷினில்தான் நோயாளிகளின் விவரம் இருக்கும், அதை வெளியாள் யாரும் தொடக்கூடாது.

"அதுக்குப் பெரிய பூட்டாப் போடுவாங்களா?"

"பூட்டும் தனியா உண்டு. ஆனா முதல்ல காப்பாத்தறது அது இல்ல. ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு வழிச்சீட்டு இருக்கு, ரூட் டேபிள்னு. யார் எந்தப் பக்கம் போகலாம்னு அதுல எழுதியிருக்கும். வெளி ரூம் சீட்டுல தெருவுக்குப் போற வழியை எழுதறோம். உள் ரூம் சீட்டுல அதை எழுதாம விட்டுடறோம். வழி எழுதலைன்னா வழி இல்ல. அவ்வளவுதான்."

எனக்கு அது பிடித்திருந்தது. ஒன்றை எழுதாமல் விடுவதாலேயே ஒரு இடம் பத்திரமாகிறது. நோட்டில் இரண்டு கட்டம் வரைந்து, ஒன்றிலிருந்து மட்டும் தெருவுக்கு ஒரு கோடு இழுத்தேன்.

"உள்ள இருக்கறவனுக்கு ஏதாவது வேணும்னா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் இன்னொரு கேட் இருக்கு. உள்ள இருக்கற மெஷின் அது வழியா வெளிய போய்க் கேக்கும், பதிலை வாங்கிட்டு வரும். வெளியேர்ந்து யாரும் அது வழியா உள்ள வர முடியாது."

"அப்போ அது வாசல் இல்ல. ஏணி. மேல நிக்கறவன் இறங்கறதுக்கு வச்சது."

"உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சாரம்தான்."

ஆனாலும் எங்கள் நோட்டில் அந்தக் கேட்டுக்கு அன்றிலிருந்து ஏணி என்றே பேர் ஆகிவிட்டது. அவளே அப்படித்தான் சொன்னாள். "ஒரு விஷயம்," என்றாள். "மத்ததெல்லாம் சும்மா. மெஷினும் சின்னது, மாசத்துக்கு இத்தனை மணி நேரம்னு இலவசம். இந்த ஏணிக்கு மட்டும் வாடகை. அதுக்குன்னு எடுக்கற வெளி நம்பரோட சேர்த்து மணிக்கு அஞ்சு சென்ட். யாரும் இறங்கினாலும் சரி, இறங்காட்டியும் சரி. அதனால பாடம் முடிஞ்ச உடனே கழட்டிடணும்."

நான் அதையும் எழுதினேன். மணிக்கு ஐந்து சென்ட். அடியில் கோடு கூடப் போட்டேன்.

மூன்று ஞாயிறு கட்டினோம், மூன்று ஞாயிறும் அவளே பிரித்தாள். நாலாவது ஞாயிறு எல்லாம் கட்டி முடித்த நேரத்தில் மருத்துவமனையிலிருந்து போன். சாயங்கால முறைக்கு வரவேண்டியவள் வரவில்லை. என் மனைவி புடவையைச் சரி செய்துகொண்டே சொன்னாள்:

"கட்டினது எல்லாம் நோட்ல வரிசையா இருக்கு. கீழேர்ந்து மேல ஒண்ணொண்ணா அழிச்சு டிக் போட்டுட்டு வாங்க. முதல்ல மெஷின் ரெண்டும், அப்புறம் ஏணி, அப்புறம் மிச்சம்."

"பிரிக்கறதுக்கு எனக்கே பாடமா?"

"பெரிய கெட்டிக்காரர்தான். நோட்டைப் பார்த்துச் செய்யுங்க."

மெஷின் இரண்டுக்கும் அவள் பேர் வைத்திருந்தாள். வெளியே இருந்தது 'முன்னாள்', உள்ளே இருந்தது 'உள்ளாள்'. ஆங்கில எழுத்தில்தான் இருந்தது, ஆனால் அந்த இரண்டு வார்த்தையும் எனக்குப் பழகியிருந்தது. இரண்டையும் அழித்தேன். திரும்பிப் பட்டியலைப் பார்த்தால் இரண்டின் பேரும் அங்கேயே இருக்கிறது. பக்கத்தில் ஏதோ நீளமான வார்த்தை. எழுத்துக் கூட்டிப் படித்தேன், பொருள் தெரியவில்லை. டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் இருந்தது. அரைமணி ஆயிற்று. உள்ளாள் இன்னும் பட்டியலில் நிற்கிறான்.

இங்கே எங்கள் வேலைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் மேலே ஏறுகிற ஒவ்வொருவனும் தன் நம்பர் போட்ட தகர வில்லையைக் கீழே பலகையில் மாட்டிவிட்டு ஏற வேண்டும். இறங்கினால் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் ஒரு வில்லை தொங்கினாலும் ஏணியில் கை வைக்கக்கூடாது. வில்லையை எடுக்க மறந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான், அது தெரிந்திருந்தாலும் கூடாது. சாரத்தைப் பிரித்த கணக்கில் மற்றதற்கெல்லாம் டிக் போட்டு, அப்படி நின்றுவிட்ட ஏணிக்கு மட்டும் ஒரு வட்டம் போடுவோம். மறுநாள் முதலில் வருகிறவன் வட்டத்தைப் பார்ப்பான், மேலே ஏறிப் பார்ப்பான், பிறகு கழற்றுவான். வேறு இடங்களில் இப்படிச் செய்கிறார்களோ என்னவோ. நாங்கள் செய்வோம்.

மெஷின் இரண்டுக்கும் டிக் போட்டேன். ஏணிக்கு எதிரே ஒரு வட்டம் போட்டேன். மிச்சம் இருந்தவை ஏணி நிற்கும்போது கழலாது, அதனால் விட்டேன். காலையில் பார்க்கலாம்.

அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள், "எல்லாம் ஆச்சா?"

"ஆச்சு," என்றேன். ஏணி நின்றாலும் எங்கள் இடத்தில் ஆச்சு என்றுதான் சொல்லுவோம்.

காலையில் பார்க்கவில்லை. எழுந்தது தாமதம், ஓடினேன். பத்து மணி வாக்கில் மூன்றாம் தட்டில் ஒரு நீள பைப் கைமாறும்போது எதிர்முனை பிடித்தவனின் கை நழுவிவிட்டது. முழுக் கனமும் என் வலது தோளில் தொங்கியது. உள்ளே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டும் கேட்டிருக்கும். ஆறு வாரம் கையைத் தூளியில் கட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகும் தலைக்கு மேலே கை போகவில்லை. தலைக்கு மேலே கை போகாதவனுக்குச் சாரத்தில் என்ன வேலை? அவள் தினமும் இரண்டு ஷிஃப்ட் வேலை பார்த்தாள். லேப்டாப்பும் நோட்டும் பையோடு கட்டிலுக்கடியில் போயின. பாடத்துக்கென்று திறந்த மெயிலை யாரும் பார்க்கவில்லை. கம்பெனி மாதாமாதம் அவள் கார்டைத் தட்டிப் பார்த்திருக்கிறது. காலி டப்பாவைத் தட்டின கதை.

ஐந்து மாதம் கழித்துப் பரீட்சைத் தேதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். இருபது நாள் இருந்தது. அவள் பையை இழுத்து, தூசி தட்டி, இஸ்திரிப் பலகையை விரித்து, லேப்டாப்பைத் திறந்தாள். அப்போதுதான் அந்தச் சிவப்புக் கோடு.

அன்று நான் கேட்டேன், "எதுக்குன்னு போட்டிருக்கான்?"

மறுபடி திறந்து பார்த்துச் சொன்னாள். "கேட்வே. மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தெட்டு மணி நேரம்." குரல் இறங்கிவிட்டது. "ஏணிங்க. நான் எந்த ஞாயித்துக்கிழமையோ ஏணியை விட்டுருக்கேன். இதுகூட ஞாபகம் இல்லாதவளுக்கு நெட்வொர்க் எதுக்கு?"

அவள் வேலைக்குப் போன பிறகு, கேஸ் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டை இருபத்து நாலால் வகுத்தால் நூற்று அறுபத்து நாலரை நாள். நாட்காட்டியில் விரலை வைத்துப் பின்னால் எண்ணிக்கொண்டே வந்தேன். விரல் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நின்றது. அதற்கு மறுநாள் திங்கட்கிழமை. அந்தத் திங்கட்கிழமையை என் தோள் மறக்காது. நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். டிக், டிக், வட்டம். பென்சிலை அழுத்திப் போட்டிருந்தேன். காகிதத்தின் பின்புறம்கூட வட்டம் புடைத்திருந்தது.

சொல்லவில்லை. நோட்டைத் திரும்ப வைத்துவிட்டு, பழைய இடத்துக்குப் போய் ஃபோர்மேனைப் பார்த்தேன். பணத்தோடு போய்ச் சொன்னால் சொல்வது சுலபமாக இருக்கும் என்று ஒரு எண்ணம்.

"அட்வான்ஸா?" என்றான். "நீ எந்தக் கையால திருப்பித் தருவே? அந்தக் கையா, இந்தக் கையா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நெட்டை மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் கூட்டத்திலேயே உயரமானவன், என்னோடு பதினைந்து வருடம் எதிர்முனை பிடித்தவன். வாசல் வரை வந்து, "அண்ணே, உங்க சேஃப்டி பெல்ட் சும்மாத்தானே கிடக்கு? விக்கறதுன்னா எனக்குச் சொல்லுங்க. என்னோடதுல கொக்கி லூசாயிடுச்சு," என்றான். விற்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று நாள் இப்படியே போயிற்று. அவள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது குழாயை ஓடவிட்டுக்கொண்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்தாள் போல. அடுப்படிக்கும் அறைக்கும் நடுவே இருப்பது ஒரு துணித் திரை. மூன்றாம் நாள் காலை தலை வாரிக்கொண்டே சொன்னாள்:

"இன்னைக்குக் கண்ணாடி சார்கிட்ட என் பேரை எடுத்துடச் சொல்லப்போறேன்."

இனி பொறுக்க முடியவில்லை. நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தை விரித்து இஸ்திரிப் பலகையில் வைத்தேன்.

"என்ன இது?"

"வட்டம்."

"வட்டம்னா? பூஜ்யமா?"

"ஏணியைக் கழட்டலைன்னு அர்த்தம். நீ இல்ல. நான்தான் விட்டேன். நீ அன்னைக்கு டூட்டிக்குப் போயிட்ட. நான் விட்டுட்டு ஆச்சுன்னு சொன்னேன்."

சீப்பு தலையிலேயே நின்றுவிட்டது. கோபம் வந்தால் என் மனைவி 'நீங்க'வை விட்டுவிடுவாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மூணு நாளா."

"மூணு நாளா நான் எனக்கு மூளையே இல்லைன்னு அழுதுக்கிட்டிருக்கேன். நீ பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க. பதினாறு வருஷமா ஒரு சீட்டு மாத்தி எழுதாதவ நான். என்னையே நான் நம்பாம ஆயிட்டேனே! வாய் இருந்துச்சில்ல? ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு?"

"வெக்கமா இருந்துச்சு."

"வாடகை ஓடும்னு கோடு போட்டு எழுதியிருக்க. இதோ. உன் கையெழுத்து. அப்புறம் எதுக்குடா விட்ட?"

"உள்ளாள் பேரு போகலை," என்றேன். "அழிச்ச பிறகும் லிஸ்ட்ல இருந்தான். ஆள் மேல இருக்கும்போது ஏணியை எடுக்க எனக்குக் கை வரலை."

"அது மெஷின்! ஆளு இல்ல!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன் என்று தெரிந்தது. சீட்டி என்று ஒருத்தன் எங்களோடு இருந்தான். இறங்கும்போது சீட்டி அடித்துக்கொண்டே இறங்குவான், அதனால் அந்தப் பேர். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் ஐந்தாம் தட்டிலிருந்து விழுந்து இறந்தான். அது அவளுக்கும் தெரியும். அவன் வீட்டுக்கு என்னோடு வந்தவள்தான். மழையில் வழுக்கிவிட்டது என்று ஃபோர்மேன் எழுதிக் கொடுத்தான், அதுவும் தெரியும்.

"அவன் மழையில வழுக்கலை," என்றேன். "அதாவது வழுக்கினதுதான். ஆனா ஏணியில இல்ல. பைப்பைப் பிடிச்சு இறங்கினான். ஏணி இல்ல அங்க. எல்லாரும் இறங்கியாச்சுன்னு நினைச்சு எடுத்துட்டோம்."

"யாரு எடுத்தது?"

"நான்."

குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் குழாய் எப்போதும் அப்படித்தான்.

"அவன் மேல இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா அப்ப?"

"தெரியாது. எண்ணலை. மழை சத்தத்துல சீட்டியும் கேக்கலை."

"எண்ணலை," என்று அவளும் சொன்னாள்.

அந்த வில்லைப் பலகை அதற்குப் பிறகு நான் கொண்டுவந்தது. சாரத்தில் தொங்கவிடும் பச்சை அட்டையில் 'ஏறலாம்' என்று இனி நானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுத்துப் படிக்கப் போனதும் அதற்குப் பிறகுதான். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கே கணக்குப் புரிந்திருக்கும். என்னைத் தேற்றும்படி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. தலையை அவசரமாக முடிந்துகொண்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

"டூட்டிக்கு இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. கம்பெனிக்கு எழுதலாம். நடந்ததைச் சொல்லுங்க, நான் போடறேன்."

நான் சொன்னேன். வில்லைப் பலகை, வட்டம், மழை, சீட்டி. அவள் கொஞ்சம் தட்டிவிட்டு நிறுத்தி, "மூணு வரி போதும்," என்றாள். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினாள்: "நான் இதைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பாடம் முடிந்து பிரிக்கும்போது, அழித்த மெஷினின் பேர் பட்டியலில் இருந்ததால் அது இன்னும் வேலை செய்வதாக என் கணவர் நினைத்து, கேட்வேயை விட்டுவிட்டார். மறுநாள் அவருக்கு விபத்து, ஐந்து மாதம் யாரும் பார்க்கவில்லை."

சீட்டியின் பேர் அதில் இல்லை. இல்லாததே சரி என்று எனக்கும் பட்டது.

இரண்டு நாளில் பதில் வந்தது. மரியாதையாக, யாருக்கும் அனுப்பக்கூடிய மாதிரி இருந்தது. அக்கவுண்ட்டை மூன்று நாளைக்குத் திறந்து வைக்கிறோம், உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுச் சொல்லுங்கள், பிறகு தொகையைப் பற்றி யோசிக்கிறோம்.

அடுத்த நாள் காலை அவளுக்கு விடுப்பு. பலகையை ஜன்னல் ஓரமாக விரித்தாள். அந்தப் பக்கம் திறந்ததும் ஏணி அங்கே இருந்தது. பச்சைப் புள்ளியோடு, வேலை செய்துகொண்டு. உள் அறை காலி, வெளி அறை காலி. நூற்று அறுபத்து நாலரை நாளுக்கும் மேலாக யாரும் இறங்காத ஏணி.

"நீங்களே எடுங்க," என்றாள்.

"நீ எடு. எனக்குக் கை சரியில்ல."

"இடது கையால எடுங்க."

உட்கார்ந்தேன். அழிக்கும் பட்டன் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தேன். மெஷின் இல்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் கை நின்றது. அவள் அவசரப்படுத்தவில்லை. மெஷின் பட்டியலைத் திறந்து, விரலை வைத்து மேலிருந்து கீழே காட்டினாள்.

"பாருங்க. ஒரு பேரும் இல்ல. அழிச்ச மெஷினோட பேரு ஒரு மணி நேரம் போல நிக்குமாம், அப்புறம் தானாப் போயிடுமாம். பாடத்துலயே இருக்கு, நானும் இத்தனை நாள் கவனிக்கலை. அன்னைக்கு நீங்க பார்த்தப்ப உள்ள யாரும் இல்லைங்க. பேரு மட்டும்தான் இருந்துச்சு." பிறகு, "நான் எண்ணிட்டேன்," என்றாள்.

நான் பட்டியலை ஒருமுறை எண்ணினேன். காலிப் பட்டியலை எண்ண என்ன இருக்கிறது? ஆனாலும் எண்ணினேன். பிறகு அழித்தேன். பச்சைப் புள்ளி போயிற்று. அதன் வெளி நம்பரைத் திருப்பிக் கொடுத்தோம். வழிச்சீட்டு, இரண்டு அறை, தெரு வாசல், கடைசியில் வளைத்துப் போட்ட அந்த அறுபத்தைந்தாயிரம் நம்பர். ஒவ்வொன்றையும் அழித்த பிறகு ஒருமுறை பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டே அடுத்ததுக்குப் போனோம். ஏற்றும்போது எத்தனை கிளாம்ப் போயிற்றோ, இறக்கும்போது அத்தனை கிளாம்ப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். அந்த மாதிரி.

கம்பெனி பத்தில் ஒன்பது பங்கைத் தள்ளிவிட்டது. இது ஒரு தடவைக்கு மட்டும் என்று எழுதியிருந்தார்கள். மிச்சம் பத்தொன்பது டாலர் எழுபத்து நாலு சென்ட்டை ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும், அதுவரை அக்கவுண்ட் திறந்திருக்கும்.

"மூணு நாள் கூலிக்குக் கொஞ்சம் குறைச்சல்," என்றேன்.

"யாரோட கூலி?" என்றாள். சிரிப்பு வரவில்லை, ஆனால் வருவதற்கு ஆரம்பித்தது போல இருந்தது.

பரீட்சைக்கு நான் போகவில்லை, சாயங்காலம் அவள் சொன்னதுதான். அவளோடு சேர்த்து நாலு பேர். கண்ணாடி நெற்றியில் கண்ணாடியோடு ஒவ்வொருவர் பின்னாலும் நின்றார். மற்ற மூன்று பேரும் கட்டி முடித்துக் கையை மடியில் வைத்துக்கொண்டார்களாம். இவள் கட்டினாள், விளக்கினாள். உள் அறை எதனால் பத்திரம் என்று கேட்டதற்கு, வழி எழுதாததால் என்றாள். பிறகு யாரும் கேட்காமலே பிரிக்க ஆரம்பித்திருக்கிறாள்.

"அதை நான் சொல்லலையேம்மா?" என்றாராம்.

"கட்டினவங்கதான் சார் பிரிக்கணும். வாடகை ஓடுது."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தாராம். நடுவில் மெஷின் பேர் இன்னும் நிற்கிறதே என்று விரலை நீட்டியிருக்கிறார், தெரியாமல் கேட்டாரோ சோதித்துக் கேட்டாரோ. "அது பேரு மட்டும்தான் சார். அந்தப் பக்கத்துல இருக்கற வார்த்தையைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு இவள் ஏணியைக் கழற்றியிருக்கிறாள். ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கணினிப் பிரிவு.

கெடுவுக்கு ஆறு நாள் இருக்கும்போது நான் பெல்ட்டை எடுத்துத் துடைத்தேன். தோள்பட்டை வார், தொடை வார், இரண்டு கொக்கி. கொக்கியின் வில் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. நெட்டை வீட்டுக்கே வந்து, மாட்டிப் பார்த்து, உயரத்துக்கு வாரைத் தளர்த்திக்கொண்டான். விலை பேசவில்லை. கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வைத்துவிட்டு, "வில்லைப் பலகை அங்கேயேதான் இருக்கு அண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் சம்பளத்திலிருந்து கட்டியிருக்கலாம். "என் பேர்ல இருக்கற கடன், நான் கட்டறேன்," என்றுதான் சொன்னாள். நான் பெல்ட் விற்ற பணத்தை இஸ்திரிப் பலகையில் வைத்தேன். அவள் எண்ணிப் பார்த்து, எடுத்துக்கொண்டு போய்த் தன் கார்டில் போட்டுவிட்டு வந்தாள். இரண்டு பேரும் நின்றுகொண்டே கட்டினோம். சிவப்புக் கோடு கொஞ்ச நேரம் இருந்தது. பக்கத்தைப் புதுப்பித்தாள். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம்.

நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். வட்டத்துக்குள் ஒரு டிக் போட்டேன். வலது தோள் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது, கோணலாகத்தான் வந்தது.

"இப்பச் சொல்லுங்க," என்றாள். "ஆச்சா?"

நான் திரையை இன்னொரு முறை பார்த்தேன்.

"ஆச்சு."